சொல் விளக்கம்: சூறாவளி

2024 தைப் பொங்கல் நாளை மொரீஷியஸில் யாரும் மறக்கமாட்டார்கள். ஜனவரி 15, தை முதல் நாள். பொங்கல் பானை அடுப்பில் ஏற வேண்டிய நேரத்தில் பெலால் என்ற சூறாவளி வந்தது. போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. அதற்குப் பிந்தைய வாரங்களில், ரோஸ் ஹில்லில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்புக்கு ஒரு மாணவி பெலாலின் செயற்கைக்கோள் படத்தை அச்சிட்டு எடுத்து வந்தாள். மேசையில் அதன் அருகில் தமிழ்நாட்டில் அச்சான ஓர் அறிவியல் நூலை விரித்தாள். புயல் இடஞ்சுழியாகச் சுழலும் என்று அதில் இருந்தது. படத்தில் வெண்மேகச் சுருளின் வெளி நுனியில் விரலை வைத்து உள்நோக்கி நகர்த்தினாள். விரல் கடிகார முள்ளைப் போல வலஞ்சுழியாகச் சென்று நடுப்புள்ளியில் நின்றது.

"மிஸ், புத்தகம் தவறா, படம் தவறா?"

இரண்டும் சரி. அதை விளக்க வேண்டுமானால் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் கிரெயோல் பேசும் எங்கள் பிள்ளைகளுக்கு இது 'சிக்லோன்'. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அதே ஒலிதான். கேட்டால் பழங்காலச் சொல் போலத் தோன்றும். ஆனால் இதற்கு இன்னும் 200 வயது ஆகவில்லை. உருவாக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் வீசிய புயல்களின் பாதையை ஆண்டுக்கணக்கில் வரைந்து பார்த்தவர் அவர். அந்தக் குறிப்புகளில் ஒன்று எங்கள் கடலைச் சேர்ந்தது. 1845 பிப்ரவரியில் சார்லஸ் ஹெடில் என்ற பாய்மரக் கப்பல் மொரீஷியஸ் அருகே புயலில் சிக்கியது. காற்று தள்ளிய திசையிலேயே ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஓடியது. நேராக ஓடியிருந்தால் எங்கோ தொலைவுக்குப் போயிருக்கும். ஆனால் புயலின் நடுவைச் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்துக்கு வெகு தொலைவில்லாத ஓரிடத்தில் வெளிப்பட்டது. புயற்காற்று வட்டமடிக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் பிடிங்டன் இந்தக் காற்றுக்குப் பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் 'கிக்லோஸ்' என்றால் வட்டம். பாம்பின் சுருளையும் குறிக்கும். முழு வட்டம் என்று அடித்துச் சொல்லாமல், வளைந்து சுருளும் காற்று என்பதற்கு அந்தப் பொருள் அவருக்குப் பொருந்தி வந்தது. நூலோடு ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகடுகள் இரண்டையும் கொடுத்தார். காற்றின் சுற்று அவற்றில் வரையப்பட்டிருந்தது. மாலுமி அதைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்துத் தன் கப்பல் புயலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஏன் இரண்டு தகடுகள்? வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று. என் மாணவியின் கேள்விக்கான விடை அன்றே அந்தக் கொம்புத் தகடுகளில் இருந்தது.

நடுவில் அழுத்தம் குறைந்திருப்பதால் சுற்றியுள்ள காற்று அங்கே பாய்கிறது. பூமி சுழல்வதால், பாயும் காற்று வட அரைக்கோளத்தில் வலப்புறமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் விலகுகிறது. விலகிய காற்று நடுவை எட்ட முடியாமல் அதைச் சுற்றுகிறது: வடக்கே இடஞ்சுழி, தெற்கே வலஞ்சுழி. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த விலக்கம் மிகவும் குறைவு என்பதால் அங்கே புயல் உருவாவது அரிது. சென்னை வடக்கே 13 பாகையில் இருக்கிறது, எங்கள் தீவு தெற்கே 20 பாகையில். அதனால் ஒரே காற்று இரண்டு ஊர்களிலும் எதிரெதிராகச் சுற்றுகிறது.

வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற இணை தமிழுக்கு வாய்த்த செல்வம். இதைச் சொல்லக் கடிகாரமே தேவையில்லை. காவிரி வலமாகத் திரும்பும் ஊர் திருவலஞ்சுழி. ஆற்றில் சுழி, எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி, உச்சந்தலையில் சுழி. அன்று வகுப்பில் பிள்ளைகள் ஒருவர் தலைமுடியை ஒருவர் விலக்கி, யாருக்கு வலஞ்சுழி, யாருக்கு இடஞ்சுழி என்று எண்ணினார்கள். பெலாலின் சுழி எது என்பதை அதற்குப் பிறகு ஒருவரும் மறக்கவில்லை.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். செய்தித்தாள்களில் அதிகம் வருவது புயல். இந்தச் சொல்லின் பழைய பொருளைக் கேட்டால் பிள்ளைகள் வியக்கிறார்கள். 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்கிறது குறள். மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார்கள் என்பது பொருள். அங்கே புயல் அழிவு அன்று. மழை, மழை தரும் மேகம். வராதா என்று வானத்தைப் பார்த்து ஏங்கிய ஒன்றின் பெயர். அதே சொல் பிற்காலத்தில் நாம் கதவடைத்து அஞ்சும் காற்றின் பெயராயிற்று. மேகத்தோடு காற்றும் சேர்ந்தே வருவதால் பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொண்டல் என்ற சொல்லும் இப்படித்தான் மேகத்தையும் கீழ்க்காற்றையும் சேர்த்துக் குறிக்கிறது.

சூறாவளியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. வளி என்றால் காற்று. வளிமண்டலம் என்று பாடநூல் சொல்லும்போது பிள்ளைகள் படிப்பது இதே வளியைத்தான். கரிகாலனின் முன்னோனை, கடலில் கலம் செலுத்தி 'வளி தொழில் ஆண்ட' வலியவன் என்று புறநானூறு போற்றுகிறது. காற்றைத் தனக்கு வேலை செய்ய வைத்தவன். சூறை என்பது சுழன்றடிக்கும் காற்று. கொள்ளை என்ற பொருளும் அதற்கு உண்டு. சூறையாடினான் என்பதில் அந்தக் கொள்ளை இன்றும் வாழ்கிறது. சுழற்சியும் சூறையாடலும் ஒரே சொல்லில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். கிரேக்கச் சொல் பாம்பின் சுருளை மட்டும் காட்டியது; நம் சொல் அது விட்டுச்செல்லும் வீட்டையும் காட்டுகிறது. 1960 பிப்ரவரி இறுதியில் கேரல் சூறாவளி மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் அறைந்து போனபோதும், 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் 280ஐத் தொட்டபோதும் இந்தத் தீவில் நடந்தது சூறையாடல்தான். கேரலுக்குப் பிறகே இங்கே சிமெண்டுத் தட்டைக்கூரை வீடுகள் பெருகின.

சரியான தமிழ் எது, புயலா சூறாவளியா? இங்கே இடம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இந்திய வானிலைத் துறையின் அளவில், காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினாலே புயல். எங்கள் கடற்பகுதியின் அளவு வேறு. 63இல் அதற்குப் பெயர் சூட்டுவார்கள். ஆனாலும் அது வெப்பமண்டலப் புயல் மட்டுமே. 118ஐ எட்டிய பிறகே 'சிக்லோன்' என்ற தகுதி வரும். ஆகவே மொரீஷியஸ் மாணவர்கள் 63 முதல் 117 வரை புயல் என்றும், 118 முதல் சூறாவளி என்றும் எழுதுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. இரண்டு நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'சூறாவளிப் புயல்' என்று எழுதுவது வீண். ஹரிக்கேன், டைஃபூன் என்பவை இதே காற்றுக்கு அட்லாண்டிக்கிலும் மேற்குப் பசிபிக்கிலும் வழங்கும் பெயர்கள். முன்னதைத் தமிழ் வீடுகள் வேறு வழியில் அறியும்: பலத்த காற்றிலும் அணையாத கண்ணாடிக்கூண்டு விளக்குக்கு அரிக்கேன் விளக்கு என்று பெயர்.

நடுவிலுள்ள அமைதியான பகுதியைக் கண் என்கிறோம். இதை மொழிபெயர்ப்பு என்று யாரும் தள்ள வேண்டாம். தேங்காய்க்குக் கண் உண்டு, நுங்குக்குக் கண் உண்டு, மயிற்பீலிக்குக் கண் உண்டு, சூறாவளிக்கும் இருக்கட்டும். பெயரைவிட அதன் பொருளைத்தான் பிள்ளைகள் மனத்தில் பதிக்க வேண்டும். கண் மேலே வரும்போது காற்று ஓய்ந்து, சில நேரம் வானமும் தெளியும். ஓய்ந்துவிட்டது என்று வெளியே வருபவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும். 1892 ஏப்ரல் 29 அன்று போர்ட் லூயி அதைப் பார்த்தது. கண் கடந்த பின் வந்த இரண்டாம் பாதிதான் நகரைத் தரைமட்டமாக்கியது. அந்த ஒரு நாளில் தீவு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரு சொல்லை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். எங்கள் வானொலியில் குளிர்காலம் முழுவதும் 'ஆன்டிசிக்லோன்' என்று கேட்கிறோம். 1860களில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் உருவாக்கிய சொல் அது. தமிழ்ப் பாடநூல்களில் அதை எதிர்ச் சூறாவளி என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்த்திசையில் வீசும் இன்னொரு பேரழிவு என்றுதானே ஒரு பிள்ளை நினைப்பாள்? உண்மையில் அது அழுத்தம் மிகுந்த காற்றுப் பரப்பு. எங்களுக்கு அது கொண்டுவருவது தென்கிழக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்றை. கரும்புத் தோட்டங்கள் சலசலக்கும், மேட்டுநிலத்தார் கம்பளி தேடுவார்கள். உயர் அழுத்த மண்டலம் என்று எழுதினால் போதும். அஞ்சத் தேவையில்லாததற்கு அஞ்சமாட்டார்கள். (தென்றல் என்றால் இதமானது, வாடை என்றால் குளிர் என்ற தமிழ்நாட்டுப் பாடமும் இங்கே தலைகீழ்தான். எங்களுக்குக் குளிர் தெற்கிலிருந்து வருகிறது. அதற்குத் தனியே ஒரு வகுப்பு வேண்டும்.)

என் மாணவி தன் படத்தின் கீழே 'வலஞ்சுழிச் சூறாவளி, தென் அரைக்கோளம்' என்று எழுதி, நூலில் இருந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் 'வடக்கே' என்று சேர்த்தாள். பிறகு வகுப்பு முழுவதையும் வாசலுக்கு அழைத்துச் சென்று, பிடிங்டனின் கொம்புத் தகடு சொன்ன கணக்கை உடம்பாலேயே செய்து பார்த்தோம். சூறாவளி நெருங்கும் வேளையில் காற்றை எதிர்நோக்கி நின்றால், இங்கே அதன் நடு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். சென்னையில் நின்றால் வலக்கைப் பக்கம். அன்று வீசியது சாதாரணத் தென்கிழக்குக் காற்றுதான். ஆனாலும் எல்லோரும் இடக்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.