94-க்கும் 86-க்கும் வித்தியாசம் உண்டா?

"அமெரிக்க நகராட்சிகளில் தேர்வில் முதலிடம் பெற்றவரை விட்டுவிட்டு ஏழாவது ஆளுக்குப் பதவி உயர்வு தருகிறார்களாமே, இது முறைகேடு இல்லையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே நகராட்சி வேலை என்பது ஆளும் கட்சி தன் ஆட்களுக்குத் தரும் கூலி. 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டவனே வேலை கேட்டு ஏமாந்தவன்தான். 1883இல் பென்டில்டன் சட்டம் வந்தது. மத்திய அரசுப் பணிகளுக்குத் தேர்வு வந்தது, நகரங்களும் அந்த வழியில் நடந்தன. தரவரிசையின் முதல் மூவரில் ஒருவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று பல நகரங்கள் விதி வைத்தன. பணியாளர் துறையின் முக்கிய வேலை அந்தப் பட்டியலைக் காவல் காப்பது.

1972இல் பாகுபாட்டுக்கு எதிரான வேலைவாய்ப்புச் சட்டம் மாநில, நகர அரசுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு தேர்வு சில பிரிவினரைப் பெருமளவில் வடிகட்டினால், அந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நகராட்சி நிரூபித்தாக வேண்டும். பட்டியலைக் காப்பவர்களுக்கு இந்த வித்தை தெரியாது. உளவியல் அளவீடு படித்தவர்கள் உள்ளே வந்தார்கள். பெயர்ப்பலகையும் மெல்ல 'மனிதவளத் துறை' என்று மாறியது.

வந்தவர்கள் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: இந்த மதிப்பெண்ணில் எவ்வளவு பிழை இருக்கிறது?

அதே ஆள், அதே பாடத்தில், வேறு கேள்வித்தாளை எழுதினால் அதே மதிப்பெண் வராது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட முடியும். ஒரு தேர்வின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்ற அளவு) 10, நம்பகத்தன்மை (மறுபடி எழுதினாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் வரும் என்ற அளவு; பிழையே இல்லையென்றால் 1) 0.91 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.91ஐக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3; அதைப் பத்தால் பெருக்கினால் 3. ஒருவருடைய மதிப்பெண்ணின் திட்டப்பிழை இது. இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவர் பக்கமும் பிழை உண்டு என்பதால் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்: 4.24. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் அதை இன்னும் 1.96ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 8.3! இதற்குள் அடங்கும் வித்தியாசம் வெறும் பிழையாகவே இருக்கலாம்.

0.91 மிக நல்ல தேர்வுக்கான எண் என்பதை மறக்க வேண்டாம். அத்தகைய தேர்விலேயே 94 வாங்கியவர் 86 வாங்கியவரைவிடத் திறமையானவர் என்று அந்த உறுதியோடு சொல்ல முடியாது. அரை மதிப்பெண் வித்தியாசத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, ராகுகாலம் பார்த்து விண்ணப்பம் போடுவதற்குச் சற்றும் குறையாத மூடநம்பிக்கை என்பேன்.

ஆகவே 86 முதல் 94 வரை ஒரே பட்டையாகக் கருதி, அதற்குள் பணி அனுபவம், பயிற்சி, நன்னடத்தை போன்றவற்றைப் பார்த்து எடுக்கலாம் என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ காவல்துறைப் பதவி உயர்வில் பட்டை நகரவும் செய்தது: 94காரர் தேர்வாகிப் போனதும், அடுத்த உச்சம் 93 என்றால் பட்டை கீழிறங்கி 85காரரையும் சேர்த்துக்கொள்ளும். பட்டைக்குள் இனத்தையும் ஒரு காரணியாகக் கொள்ளலாமா என்று வழக்கு வந்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முறையை ஏற்றது.

உளவியலாளர் ஃபிராங்க் ஷ்மிட் மட்டும் விடவில்லை. 94உம் 86உம் ஒன்றென்றால், 86உம் 85உம் அதைவிட ஒன்றல்லவா? 85காரரை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்? நியாயமான கேள்விதான். எங்கே கோடு போட்டாலும் கோட்டின் ஓரத்தில் யாரோ நிற்பார்கள். ஆனாலும் பிழையைக் கணக்கிட்டுப் போட்ட கோடு, பிழையே இல்லாததுபோல் போட்ட கோட்டைவிட மேல் என்பது என் கட்சி.

ஒரு நிபந்தனை உண்டு: பட்டையின் அகலத்தையும், உள்ளே எதைப் பார்ப்போம் என்பதையும் முடிவுகள் வருமுன்பே அறிவித்திருக்க வேண்டும். நியூ ஹேவன் நகரத்தில் அப்போது இருந்தது பட்டை அல்ல, 'முதல் மூவர்' விதிதான். 2003இல் நடந்த தீயணைப்புத் துறைப் பதவி உயர்வுத் தேர்வின் முடிவைப் பார்த்த பிறகு, கறுப்பினத்தவர் யாரும் உயர்வு பெறமாட்டார்கள் என்று தெரிந்ததும், நகராட்சி தேர்வையே ஓரங்கட்டியது. 2009இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அது தவறென்றது. வாசகர் சொல்லும் ஏழாவது ஆள் முன்கூட்டியே அறிவித்த பட்டைக்குள் இருந்தவர் என்றால் அதில் முறைகேடு இல்லை. அவருக்காகப் பட்டையை நீட்டியிருந்தால், 1883க்கு முந்தைய சிபாரிசுதான் அது.