தாங்குதிறன்: கேரியிங் கெபாசிட்டிக்குத் தமிழ்ச் சொல்

ஓர் இடம் தன் வளம் கெட்டுப்போகாமல் ஓர் உயிரினத்தில் எத்தனை உருப்படிகளைத் தொடர்ந்து வாழவைக்க முடியுமோ, அந்த எண்ணிக்கையைத்தான் சூழலியலில் கேரியிங் கெபாசிட்டி என்கிறார்கள். தமிழில் தாங்குதிறன். இரை, தண்ணீர், தங்குமிடம், எதிரிகள், நோய் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற எண் அது. அதனால் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் கப்பலிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றும் என்பதற்குத்தான் முதலில் வழங்கினார்கள். அப்புறம் மேய்ச்சல் நிலத்துக்கு வந்தது: இந்தத் தரை எத்தனை மாடு தாங்கும்? இதற்கிடையே பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹல்ஸ்ட் 1838-லேயே, மக்கள்தொகை முதலில் வேகமாக ஏறி, ஓர் உச்ச வரம்பை நெருங்க நெருங்க வேகம் குறைந்து நிற்கும் என்று சமன்பாடு எழுதிவிட்டார், ஆனால் அவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அந்த உச்ச வரம்புக்கு இந்தப் பெயரைப் பொருத்தியவர் அமெரிக்கச் சூழலியலாளர் யூஜின் ஓடம், 1953-இல் வந்த தன் சூழலியல் பாடநூலில்.

சிலர் இதைக் கொள்ளளவு என்று எழுதுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. மேட்டூர் அணைக்குக் கொள்ளளவு உண்டு, 93.47 டிஎம்சி, அதற்கு மேல் வந்தால் வழிந்துவிடும். உயிர்கள் அப்படி விளிம்பில் வழிந்து நிற்பதில்லை, வரம்பைத் தாண்டியும் கொஞ்ச நாள் பெருகும், இருக்கிற இரையைத் தின்று தீர்க்கும், பிறகு சரியும், சில சமயம் அந்த இடத்தையே கெடுத்து வரம்பையும் கீழே இறக்கிவிடும். "இந்தத் திடலு இத்தனை ஆட்டைத் தாங்காதுப்பா" என்று நம் பக்கம் சொல்லும்போது அந்தப் பொருள் முழுக்க வந்துவிடுகிறது. அகழ்வாரைத் தாங்கும் நிலம் என்று குறளிலேயே தாங்குதலும் நிலமும் சேர்ந்து வருகின்றன. அங்கே பொருள் பொறுமை, எண்ணிக்கை இல்லை, ஆனாலும் சொல் நமக்கு அந்நியமில்லை.

சரி, காவிரி டெல்டாவில் இந்தச் சொல்லை நன்றாகப் புரியவைப்பது வயல் எலிதான். சம்பா நெல் பொதி கட்டும் நேரத்தில், அதாவது கதிர் வெளிவருவதற்கு முன் தண்டுக்குள் உருவாகும்போது, எலி தூரோடு அறுத்துப் போட்டிருக்கும். உடனே கிட்டி என்கிற எலிப்பொறி வைப்பவரைக் கூப்பிடுவோம், மூங்கிலில் செய்த நம் தஞ்சாவூர்க் கிட்டி நன்றாகவே பிடிக்கும், விடியும்போது வரப்போரம் செத்த எலியைக் குவித்துப் போடுவார்கள். அடுத்த பட்டத்தில் பார்த்தால் பழையபடி எலி. "அவ்வளவு பிடிச்சோமே, எங்கேருந்துய்யா வந்துச்சு?"

வெர்ஹல்ஸ்ட் சமன்பாட்டில் இதற்கு விடை இருக்கிறது. எண்ணிக்கை உச்ச வரம்பில் இருக்கும்போது பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும், இரைக்கும் வளைக்கும் அடித்துக்கொள்ளும். வரம்பில் பாதியாக இருக்கும்போதுதான் மொத்தப் பெருக்கம் மிக வேகம். பாதி எலியைக் கொன்று நிறுத்தினால் மிச்சத்துக்கு இரையும் வளையும் தாராளம், மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் குட்டி போடுகிற உயிர் அது, பக்கத்து வயல் எலிகளும் காலி வளையைத் தேடி வந்துவிடும். எலி குறைந்தது, தாங்குதிறன் அப்படியே இருந்தது.

அந்தத் தாங்குதிறனை எது தருகிறது? முதலில் வரப்பு. அகலமாக, புல் மண்டி, மேடாகக் கிடக்கும் வரப்பில்தான் வளை தோண்ட வசதி. அண்டை வெட்டி (வரப்போரத்தைச் செதுக்கி), சேறு பூசி, வரப்பைச் சிறுத்து வைப்பது களைக்காக மட்டும் செய்த வேலை இல்லை, ஆள் கூலிக்குப் பயந்து அதை விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அடுத்து பயிர் வயது. ஒரே மடையில் தண்ணீர் பாயும் வயல்களில் ஒருவர் நட்டு ஒரு மாதம் கழித்து இன்னொருவர் நட்டால் எலிக்குக் கதிர் காலம் நீண்டுகொண்டே போகும், கதிர் காலம்தான் அது அதிகமாகக் குட்டி போடும் காலமும். அறுப்புக்குப் பின் உளுந்தும் பயறும் இருக்கவே இருக்கிறது.

எதிரிகளும் கணக்கில் உண்டு. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைத்தால் இரவில் கூகை வந்து உட்காரும், ஆனால் பயிர் உயர்ந்து மூடிக்கொண்ட பிறகு அதன் கண்ணுக்கும் காதுக்கும் எலி அகப்படுவது கஷ்டம், நட்ட கையோடு மட்டையை வைக்க வேண்டும். சாரையைக் கண்டதும் அடிப்பவர்கள் தங்கள் வயலின் எலித் தாங்குதிறனைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

கிட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும்போது, நடவுக்கு முன்பும் நட்ட கொஞ்ச நாளிலும், ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் வைத்தால் அது வேலை செய்யும். ஒருவர் மட்டும் வைத்தால் பலன் இல்லை, வாய்க்கால் கரையும் புறம்போக்கு மேடும் சேர்ந்துதான் எலிக்கு வீடு, அதனால் அந்தக் கரைகளையும் அதே வாரத்தில் செதுக்கிவிட வேண்டும்.