ஜூரா ஒயின்: வெந்தய வாசனை வந்தால் பாட்டிலைத் திருப்பி அனுப்பாதீர்கள்

பிரான்ஸில் பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் நடுவே, ஜூரா மலைச்சரிவில் ஒடுங்கிக் கிடக்கிற சின்ன ஒயின் வட்டாரம் இது. ஆர்புவா, ஷத்தோ-ஷலோன், லெத்துவால் ஆகியவை இதன் பேர்போன ஊர்கள். இங்கத்திய வெள்ளை ஒயினை முதன்முதலாகக் குடிக்கிறவர்களில் பலர், கெட்டுவிட்டது என்று கிளாஸைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதில் ஒரு குறையும் இருக்காது.

பீப்பாயில் இருக்கும் ஒயின் ஆவியாகிக் குறையும். மற்ற இடங்களில், காற்று படாமலிருக்க அவ்வப்போது ஊற்றி நிரப்பிவிடுவார்கள். வேன் ஜோன் எனப்படும் மஞ்சள் ஒயினுக்கு அப்படிச் செய்வதில்லை. சவன்யேன் என்ற ஒரே திராட்சை வகையில் செய்து, பெரும்பாலும் 228 லிட்டர் பழைய பீப்பாய்களில் விட்டுவிடுகிறார்கள். காலி இடத்தில் ஈஸ்ட் பாலாடை போல மெல்லப் படர்கிறது. அந்த ஆடையின் கீழ் குறைந்தது 60 மாதம் இருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டு டிசம்பர் 15க்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது. கடைசியில் கிளாவ்லேன் என்ற 62 செ.லி. (620 மி.லி.) குட்டைப் பாட்டிலில் வருகிறது. ஒரு லிட்டரில் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பது ஊர்க்கணக்கு.

எல்லாப் பீப்பாயும் தேறாது. ஆடை கிழிந்தாலோ சரியாகப் படராமல் போனாலோ, புளித்த காடி ஏறிவிடும். அதனால் பீப்பாயின் முகப்பில் உள்ள சின்னக் குழாய் வழியாக, ஆடையைக் கலைக்காமல் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். தவறிய பீப்பாயை விலக்கிவிடுகிறார்கள். ஷத்தோ-ஷலோனில் கெடுபிடி இன்னும் அதிகம். அறுவடைக்கு முன்பே குழு வந்து தோட்டங்களைப் பார்க்கும். திராட்சை தரமில்லாததால் 1974, 1980, 1984, 2001 ஆண்டுகளில் அந்தப் பெயரில் ஒயினே வரவில்லை. விலை ஏன் அதிகம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சோட்டலோன் என்ற பொருளேதான் வேன் ஜோனிலும் இருக்கிறது. அதோடு அக்ரூட், அடிபட்ட ஆப்பிள் வாசனையும் வரும். இதெல்லாம் சரியான அடையாளம். நெயில் பாலிஷ் நெடியோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ அடித்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்: முன்னது காடியின் கூட்டாளி, பின்னது தக்கையின் கோளாறு.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், அதே சவன்யேனை நிரப்பி வைத்தும் செய்கிறார்கள். அதில் எலுமிச்சைப் புளிப்பும் பூ மணமும் இருக்கும். அடிபட்ட ஆப்பிள் வாசனை வந்தால் அங்கே அது குறைதான். லேபிளில் 'உய்யே' என்றிருந்தால் நிரப்பியது, 'சூ வுவால்' என்றிருந்தால் ஆடையின் கீழ் வளர்ந்தது. இரண்டும் இல்லாவிட்டால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தோட்டத்துக்குப் போவதானால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். சின்னக் குடும்பத் தோட்டங்களில் தனியாக வரவேற்பாளர் கிடையாது. செப்டம்பர் அறுவடையில் யாருக்கும் நேரம் இருக்காது. ருசிபார்க்கும்போது சிவப்புதான் முதலில் வரும். பூல்சார் என்ற சிவப்பு அவ்வளவு இலேசானது, ரோஜா நிறத்தை ஒட்டியிருக்கும். வேன் ஜோனுக்குப் பிறகு குடித்தால் தண்ணீர் போலத் தோன்றும். உமிழக் கிண்ணம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாதீர்கள். பிரான்ஸில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2.

சாப்பாட்டில், பூல்சாருக்குப் புகையிட்ட மோர்த்தோ சாசேஜ். வேன் ஜோனுக்குப் பதினெட்டு மாதமாவது முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும். இளம் கோம்தே எடுபடாது. காரம் குறைந்த, கிரீம் சேர்த்த கறிமசாலாக் கோழியும் நன்றாகப் போகும். மிளகாய் தூக்கலாக இருந்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும்.

உள்ளூர்க் கோழிக்குழம்பில் வழக்கமாக நடக்கும் தவறு, முழுவதையும் வேன் ஜோனிலேயே கொதிக்க விடுவது. மணமும் காசும் ஆவியோடு போய்விடும். ஒன்றரைக் கிலோ கோழியை எட்டுத் துண்டாக்கி வெண்ணெயில் சிவக்க வறுத்து, 20 செ.லி. சாதாரண சவன்யேன் ஊற்றி மூடி, சிறுதீயில் அரைமணி வேகவிடுங்கள். 30 கிராம் உலர்ந்த மோரெல் காளானை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மணல் போக அலசி, 30 செ.லி. கிரீமோடு சேர்த்து இன்னும் 20 நிமிடம். இறக்கியபின் 5 செ.லி. வேன் ஜோன். மோரெலை அரைவேக்காட்டில் தின்றால் நஞ்சு, அதில் அவசரம் கூடாது.

பாட்டிலை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு ஊற்ற வேண்டாம். 14 முதல் 16 டிகிரியில், சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். மிச்சமிருந்தால் தக்கையை அழுத்தி மூடி நிமிர்த்தி வைத்தால் சில வாரம் தாங்கும்.