நெற்றியில் கோடு விழுகிறதா?

வாய் கோணிப்போய் என்னிடம் வரும் பாம்பன், மண்டபம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் "காத்து அடிச்சிருச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போன மழைக்காலத்தில் ஐம்பதைத் தாண்டிய விசைப்படகுக்காரர் ஒருவரை அவருடைய மச்சான் கூட்டி வந்தார். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. இடது கன்னம் முழுக்க எண்ணெய். "கோணுன பக்கத்துல நல்லா தேச்சு விட்டேன் சார்." இழுக்கிற பக்கம்தான் நல்ல பக்கம், சோர்ந்து தொங்கியது வலது. பாவம், எண்ணெய்தான் வீண்.

"மேல சீலிங்கைப் பாருங்கண்ணே." நெற்றியின் இடது பாதியில் கோடுகள் விழுந்தன, வலது பாதி வழவழவென்று கிடந்தது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னேன். வலது இமை சேரவில்லை, விழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரிந்தது. கன்னத்தை உப்பச் சொன்னதும் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. எஞ்சின் சத்தம் வலது காதைக் குடைவதாக அவரே சொன்னார். காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தசைக்கும், முகத்தை அசைக்கும் அதே ஏழாம் நரம்புதான்.

மூளையிலிருந்து வரும் 12 ஜோடி நரம்புகளில் மற்றவற்றையும் ஓட்டமாகப் பார்த்தேன். டார்ச் அடித்துக் கண்பாவை சுருங்குகிறதா, விரலைத் தொடர்ந்து விழி போகிறதா, பஞ்சு பட்டால் முகத்தில் உணர்வு இருக்கிறதா, நாக்கு நேராக நீள்கிறதா என்று. முகர்வுச் சோதனைக்குக் காப்பித்தூள் போதும். கருவாட்டுக் களத்துக்காரர்களிடம் அதைச் செய்தால் சிரிப்பார்கள். கை காலிலும் பலக்குறைவு இல்லை. காதுக்குள் கொப்புளமும் இல்லை.

நெற்றிக்கு ஏன் இத்தனை மரியாதை? முகத்தின் மேல்பாதிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் அடிபட்டாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். வாய் மட்டும் கோணும். நரம்பே வீங்கி நசுங்கினால் நெற்றி, இமை, வாய் மூன்றும் போகும். அதுதான் முகவாதம். இதற்கும் விதிவிலக்கு உண்டு, அதனால் வீட்டில் நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

அவருக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு ஸ்டீராய்டு ஆரம்பித்தோம். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மருந்தைவிடக் கண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். மூடாத கண்ணில் உப்புக்காற்றும் மணலும் பட்டால் கருவிழி புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, கண்ணாடி. ராத்திரி களிம்பு போட்டு இமையை ஒட்டிப் படுக்க வேண்டும்.

அதே மாதம் இன்னொருவர். வாய் கோணல், ஆனால் நெற்றியில் கோடு அழகாக விழுந்தது. நீட்டிய வலது கை மெல்லத் தாழ்ந்தது. இது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே சுமார் 55 கிலோமீட்டர். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கூட வந்தவர்களைக் கேட்டேன். "வலை இழுக்கும்போது நல்லாத்தான் இருந்தாரு." வலை இழுத்தது எத்தனை மணிக்கு? ஒருவர் ரெண்டு என்றார், இன்னொருவர் நாலு என்றார்.