ஓதம் ஏறும் சுவரும் ஒரு பாதிக் கிணறும்

“சார், சுவரு உப்பு பூத்துக் கொட்டுது, நல்ல கெமிக்கலா ஒண்ணு சொல்லுங்க.” ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, மண்டபம் என்று இந்த ராமநாதபுரம் கரையோர ஊர்களில் பழைய வீடுகளை மராமத்து பார்க்கிற சிவில் இன்ஜினியர் நான். பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா? வீட்டில் வயதான பெண்கள் யாராவது இருக்கிறார்களா? சுவருக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரித்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். போகட்டும். ஒட்டுச் சுவர் வீடுகளில், யார் எப்போது இருந்தார்கள், யார் எதை அடைத்தார்கள், எதை இடித்தார்கள் என்று தெரியாமல் கரண்டியை எடுப்பது வீண் செலவு. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அருமையாகச் சிமெண்ட் பூசிக் கொடுத்தேன், இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை, அப்பளம் மாதிரி பூச்சு முழுசாகக் கழன்று கட்டில் மேலே விழுந்தது. நல்ல வேளை, கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை.

கீழக்கரையில் ஒரு வீடு. வீடு என்று சொல்வதா வீடுகள் என்று சொல்வதா தெரியவில்லை. முகப்பு ஒன்றுதான், கதவு நாலு. ஒரே நீளத் திண்ணையை நடுவில் இடுப்பளவுத் தடுப்புகள் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நாலு கதவு எண், நாலு கரண்ட் மீட்டர். ஆதியில் இது ஒரே வீடு. அந்த ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒரே பெண் என்றால் வீடு அப்படியே போகும். மூன்று பெண்கள் பிறந்துவிட்டால் முற்றத்தில் ஒரு சுவர் எழும்பும், அடுத்த தலைமுறையில் இன்னொன்று. அதனால் இந்த வீடுகளில் எல்லாச் சுவருக்கும் ஒரே வயது கிடையாது. வெளிச்சுவர் கடல் பவளக்கல்லான முருகைக்கல்லும் காரையும், குறுக்குச் சுவர் செங்கல், பின்னால் வந்தது ஹாலோ பிளாக். எது பாரம் தாங்குகிறது, எது சும்மா தடுப்புக்கு நிற்கிறது என்பதை வரைபடம் சொல்லாது. எந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு எந்தச் சுவர் வைத்தார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

என்னைக் கூப்பிட்டவர் எழுபது தாண்டிய ஒரு ராத்தா (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்). உள்ளறையின் வடக்குச் சுவர்தான் பிரச்சினை. முதலில் முழங்கால் அளவுக்கு உப்பு பூத்ததாம், சிமெண்ட் பூசினார்கள். அடுத்து இடுப்பளவுக்கு ஏறியது, கெமிக்கல் அடித்தார்கள். அப்புறம் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். இப்போது டைல்ஸுக்கு மேலே, காலண்டர் ஆணியைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறது. மூன்று தடவை காசைக் கொட்டி, ஓதத்தை, அதாவது சுவர் ஈரத்தை, மேலே ஏற்றி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்றால், நிலத்து ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவருக்குள் ஏறும். வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் கீழேயே காற்றில் உலர்ந்து போய்விடும், பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், சில வருடங்களுக்கு ஒருமுறை அடியில் மட்டும் பூசிக்கொள்ள வேண்டியதுதான். சிமெண்டோ டைல்ஸோ போட்டு மூடினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை, மூடாத இடம் வரைக்கும் ஏறிப்போய் அங்கே உலரும், உலரும் இடத்தில் உப்பு கட்டியாகி பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். போதாததற்கு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். மழையே இல்லாத நாளிலும் சுவர் வேர்க்கிறது என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

ராத்தாவிடம் கேட்டுவிட்டு ஓர் ஓரத்தில் சாவியால் சுரண்டினேன். மேலே எமல்ஷன், அடுத்து வெள்ளைப் பட்டி, அதற்குள் ஓர் அங்குலத்துக்குச் சாம்பல் நிறச் சிமெண்ட், தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். அதற்கும் பின்னால் பழைய சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு, விரல் வைத்ததும் ஈர மாவாக ஒட்டியது. அதற்குள்ளேதான் கல். டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி துளைகள், சில இடங்களில் பூப்பூவாக வரி. இந்தக் கல் கிடைத்தால் தயவுசெய்து குப்பையில் கொட்டாதீர்கள். பவளப்பாறைகளை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கல் எடுத்தாலும் வழக்குதான். மராமத்துக்கு வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் இடித்த பழைய கல்லைத்தான் திரும்ப வைக்க முடியும்.

இந்த வீடுகளைப் பார்த்தாலே காசு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நிலையும் மச்சு உத்திரமும் பர்மா தேக்கு, அது ரங்கூன், கொழும்பு வியாபாரக் காலம். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பலும் நின்றது. எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடா நாடுகள். அந்தக் காசில் இந்தத் தெருக்களுக்குச் சிமெண்டும் அட்டாச்டு பாத்ரூமும் வந்தன. வசதியைக் குறை சொல்லவில்லை, கொல்லைப்புறத்துக்கு இருட்டில் போய் வந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் நான் பார்த்த ஓதப் புகார்களில் முக்கால்வாசி, அந்த பாத்ரூம் எழும்பிய வருடத்தை ஒட்டித்தான் தொடங்கியிருக்கின்றன.

சரி, ராத்தாவின் பத்திரத்துக்கு வருகிறேன். தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மடிப்பில் எல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. இதற்கு முந்தைய தாய்ப்பத்திரமும் சில வீடுகளில் கிடைக்கும். அதில் ஜில்லா மதுரை என்று இருந்தால் குழம்ப வேண்டாம், ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனதே 1910-ல்தான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேனே, ஒன்றும் இல்லையே என்பார்கள். முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழி ஹிபா, அதாவது தானம், செல்லும். கொடுக்கிறேன் என்று சொல்லி, மற்றவர் ஏற்று, சொத்தை அனுபவத்தில் ஒப்படைத்துவிட்டால் பதிவு கட்டாயமில்லை, சொத்து மாற்றுச் சட்டம் 129-ம் பிரிவே அதற்கு இடம் விட்டிருக்கிறது. அப்படிக் கைமாறியது வில்லங்கத்தில் வராது. அதனால் பழைய பத்திரத்தில் நான் முதலில் படிப்பது சொத்து விவரம். நான்கு மால் (நாலு பக்க எல்லை), நீள அகலம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் பாத்தியதைகள். அங்கேதான் ஒரு வரி இருந்தது: வடபுறச் சுவரில் உள்ள கிணற்றில் பாதி பாத்தியதை சகிதம்.

“கிணறு எங்க இருக்கு?” என்றேன்.

“இந்தா, இந்தச் சுவத்துலதான் தம்பி இருந்துச்சு. அங்கிட்டு எங்க சாச்சி வீடு. நாங்க இங்கிட்டு வாளி விடுவோம், அவுக அங்கிட்டு விடுவாக. வாளி ரெண்டும் உள்ள முட்டிக்கும், சாச்சி கத்துவாக.”

அதாவது கிணற்றுக்கு மேலே ஒரு வளைவு கட்டி, அதன்மேல் சுவரை எழுப்பி, இரண்டு வீட்டுக்கும் ஆளுக்குப் பாதி. வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷா கடைப்பிடித்த பெண்கள் தெருவுக்குப் போகாமல் தண்ணீர் எடுக்க நல்ல ஏற்பாடு. ராத்தா பக்கத்துப் பாதியைக் கடப்பாக்கல் போட்டு மூடி, மேலே தளம் போட்டுவிட்டார்கள். சாச்சி (சின்னம்மா) வீட்டுப் பக்கம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே இப்போது இருக்கும் சாச்சியின் பேத்தியிடம் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தேன். கிணற்றை இடிபாடு கொட்டித் தூர்த்து, அதன் மேலேயே பாத்ரூம். குளிக்கிற தண்ணீர் பைப் நேராகத் தூர்த்த கிணற்றுக்குள் இறங்குகிறது. நாற்பது வருடமாக நாலு பேர் குளித்த தண்ணீரை வடக்குச் சுவர் குடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு எந்தக் கம்பெனிக் கெமிக்கல் என்ன செய்யும்?

இந்தக் கதையை அந்த வீட்டு ஆண்களிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அவர்கள் கொழும்பிலும் துபாயிலும் இருந்தவர்கள், லீவுக்கு வந்தவர்கள். வீட்டில் வாழ்ந்தது பெண்கள். எங்கே மாடக்குழி இருந்தது, எந்தக் கதவை அடைத்தார்கள், எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகியது எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள், போனில் பதிவு செய்து வையுங்கள், பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து அதில் அவர்கள் சொல்வதைப் பென்சிலால் குறியுங்கள். பங்காளித் தகராறு வரும் என்று பயந்தால் சொத்துப் பேச்சை எடுக்காமல் சுவரைப் பற்றி மட்டும் கேளுங்கள். பொதுச் சுவரை ஒரு பக்கத்துக்காரர் மட்டும் சரிசெய்ய முடியாது என்பதால், எப்படியும் அடுத்த வீட்டில் போய்ப் பேசத்தான் வேண்டியிருக்கும்.

இங்கே பேச்சு சுலபமாகவே முடிந்தது. பேத்தி வீட்டுப் பைப்பைத் திருப்பித் தெருச் சாக்கடையில் சேர்த்தோம், செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. ராத்தா அறையில் டைல்ஸையும் சிமெண்டையும் முழுசாகக் கொத்தி எடுத்து, கல்லை வெறுமனே காற்றாட விட்டிருக்கிறேன். வெளியே வரும் உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உள்ளேயே திரும்பப் போகும். கோடை முழுக்க வாரம் ஒரு முறம் வந்தது, இப்போது ஒரு கைப்பிடி. தோல் உரிந்த சுவரைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் என்னம்மா இது என்று கேட்கிறார்களாம், ராத்தாவுக்கு அதுதான் ஒரே குறை. இந்த வாடைக் காலமும் போகட்டும், மாசியில் சுண்ணாம்பு பூசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.