வேடம் கொடுத்தால் போதாது, நிர்ப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

அரசியல் அறிவியல் வகுப்பில் மாணவர்களை நாடுகளாகவும் கட்சிகளாகவும் பிரித்து உட்காரவைத்து விவாதிக்கச் சொல்வது இப்போது பல பல்கலைக்கழகங்களில் சாதாரணமாகிவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், நானும் இதைத்தான் செய்துவருகிறேன். ஆனால் நான் பார்த்த பல வகுப்புகளில் அது வெறும் பேச்சுப் போட்டியாக முடிந்துவிடுகிறது. ஒரு மாணவரிடம் "நீங்கள்தான் ரஷ்யா" என்று சொல்லி ஒரு பெயர் அட்டையை மட்டும் கொடுத்தால், ரஷ்யாவைப் பற்றிச் செய்தியில் கேட்டதைக் கொஞ்சம் உரத்த குரலில் சொல்வார், எதிரில் இருப்பவர் கைதட்டல் விழும்படி ஒரு பதில் கொடுப்பார், நேரம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நன்றாகப் பேசுபவர் நன்றாகப் பேசினார், அவ்வளவுதான்.

அந்த அட்டையோடு என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசியலில் இருப்பவர் தனக்குத் தோன்றியதைப் பேசுவதில்லை. அவருக்கு ஒரு தேவை இருக்கும், ஒரு பயம் இருக்கும், யாரிடமோ கடன்பட்டிருப்பார், வீட்டுக்குத் திரும்பினால் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருப்பார்கள். இதெல்லாம் மாணவர் கையில் இருந்தால்தான் அவர் பேரம் பேசத் தொடங்குவார். 1990-களில் அமெரிக்காவின் பர்னார்ட் கல்லூரியில் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் உருவாக்கிய, மாணவர்கள் வரலாற்று மாந்தர்களின் வேடமேற்று விவாதிக்கும் 'ரியாக்டிங் டு தி பாஸ்ட்' முறை எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம். அதில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிக் குறிப்புத்தாள் உண்டு, அடைய வேண்டிய இலக்கு உண்டு, எந்தத் தரப்பிலும் சேராத சிலரும் இருப்பார்கள். இந்தக் கடைசி வகைதான் முக்கியம். மனம் மாறக்கூடிய ஒருவர்கூட அறையில் இல்லையென்றால் வாதம் செய்து என்ன பயன்?

நான் அடிக்கடி எடுத்துக்கொள்வது ஐ.நா. பாதுகாப்பு அவையின் 678-ஆம் தீர்மானத்தை. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் படையை அனுப்பியது. 1991 ஜனவரி 15-க்குள் வெளியேறாவிட்டால், குவைத்தோடு ஒத்துழைக்கும் நாடுகள் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்த தீர்மானம் இது. 1990 நவம்பர் 29 அன்று வாக்கெடுப்பு. ஆதரவு 12, எதிர்ப்பு 2 (கியூபாவும் ஏமனும்), சீனா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வகுப்புக்கு இது அளவெடுத்ததுபோல் பொருந்தும். 15 நாற்காலிகள்தான், நிறைவேற 9 வாக்குகள் வேண்டும், 5 நிரந்தர உறுப்பினர்களுக்கு வீட்டோ, அதாவது தனியாகவே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், இருக்கிறது.

ஏமன் வேடத்தை ஏற்கும் மாணவரின் தாளில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். அந்த ஆண்டு மே மாதம்தான் வடக்கும் தெற்கும் இணைந்து ஒரே நாடானது. அப்போது அவையில் இருந்த ஒரே அரபு நாடு. ஈராக்கோடு நெருக்கம். இன்னொரு பக்கம், சவூதி அரேபியாவில் வேலை பார்த்த லட்சக்கணக்கான ஏமன்காரர்கள் அந்த மாதங்களில் ஊர் திரும்ப வேண்டியதாகிவிட்டது. அமெரிக்க நிதியுதவியும் வேண்டும். இந்தத் தாளைப் படித்த மாணவர் எழுந்து நின்று இறையாண்மையைப் பற்றி முழங்குவதில்லை. முதலில் மெதுவாக மலேசியாவிடம் போய் "நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கிறார். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. நடந்த வரலாற்றில் ஏமன் எதிர்த்து வாக்களித்தது, அமெரிக்கா உதவியை வெட்டியது. அதைப் பிறகு சொல்லும்போது, அந்த வாக்கின் விலை எவ்வளவு என்பது அந்த மாணவருக்கு விளக்காமலே புரிந்துவிடுகிறது.

சீனாவின் நாற்காலி இன்னும் சுவாரஸ்யமானது. ஐ.நா. சாசனத்தின் 27-ஆம் பிரிவைப் படித்துவிட்டு வரும் மாணவர், நிரந்தர உறுப்பினர்களின் ஒப்புதல் வாக்கு வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது, சீனா ஒதுங்கிக்கொண்டால் தீர்மானம் விழுந்துவிடாதா என்று கேட்பார். நியாயமான கேள்வி. நடைமுறையில் விழாது. ஒதுங்கிக்கொள்வதை வீட்டோவாகக் கணக்கிடுவதில்லை என்ற வழக்கத்தை, நமீபியா தொடர்பாக 1971-இல் தந்த ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எழுதிவைத்த விதி ஒன்று, நாடுகள் சேர்ந்து பழகிய வழக்கம் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடு எப்படி நின்றுகொள்கிறது என்பதை விரிவுரையாகச் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், தன் வாக்கு தொடர்பான சிக்கலாக வந்தால் நூலகத்துக்குப் போய்த் தேடுவார்கள்.

ஏற்பாடு பற்றிக் கொஞ்சம். குறிப்புத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அன்று காலையில் கொடுத்தால் நடிப்புதான் கிடைக்கும். மேடைப் பேச்சுக்குக் குறைந்த நேரம், நாற்காலியை விட்டு எழுந்து தனித்தனியாகப் பேசிக்கொள்ள நிறைய நேரம். கூச்சப்படும் மாணவர்களை அவையில் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், தீர்மான வாசகத்தைத் திருத்தும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று நாடுகள் ஒத்துக்கொள்ளும்படி ஒரு வரியை மாற்றி எழுதுவது எந்தப் பேச்சையும்விடக் கடினமான அரசியல் வேலை.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. இதைச் சக ஆசிரியர்கள் தயவுசெய்து கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா வேடமும் வகுப்புக்கு ஏற்றதல்ல. இனப்படுகொலை, அடிமை வாணிகம் போன்றவற்றில் கொடுமை செய்தவரையும் அனுபவித்தவரையும் மாணவர்களை நடிக்கவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கொடுமை சிலருடைய குடும்பத்தில் நடந்ததாக இருக்கும், அது நமக்குத் தெரிந்திருக்காது. அதைப் பற்றிக் கற்பிக்க வேண்டுமென்றால், அதை விசாரித்த ஆணையத்தையோ நீதிமன்றத்தையோ வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஒரு மாணவரின் நாட்டையோ மதத்தையோ பார்த்து அதே வேடத்தைக் கொடுப்பதும் வேண்டாம், அது அவரைத் தன் கூட்டத்துக்கே தூதராக்கிவிடும். காரணம் சொல்லாமலே வேடத்தை மாற்றிக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கட்டும்.

விவாதம் முடிந்ததும் உடனே கலைந்து போகவிடாதீர்கள். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது, நடந்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசுவதற்கு ஒதுக்குவேன். பெயர் அட்டைகளை எடுத்துவிட்டு, இடம் மாறி உட்காரச் சொல்லி, நாடுகளின் பெயரை விட்டுவிட்டு அவரவர் பெயரால் அழைக்கத் தொடங்குகிறேன். கோபத்தோடு வாதாடிய இருவர் அந்தக் கோபத்தோடே வெளியே போவது நடக்கக்கூடிய விஷயம், அதனால் இது சம்பிரதாயம் அல்ல. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சொல்ல நினைத்து, வேடம் அனுமதிக்காததால் சொல்லாமல் விட்டது என்ன? அதற்குப் பிறகு வகுப்பின் முடிவை நடந்த முடிவோடு ஒப்பிடுகிறோம். சில சமயம் தீர்மானமே தோற்றுவிடும். அப்போது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் அந்த நவம்பர் முழுக்க உறுப்பு நாடுகளின் அமைச்சர்களைத் தேடித்தேடிச் சந்தித்ததைச் சொல்லி, நம் அறையில் எந்த அழுத்தம் இல்லாமல் போனது என்று தேடுகிறோம்.

மதிப்பெண்ணை வாக்கெடுப்பின் முடிவுக்கோ பேச்சுத் திறமைக்கோ கொடுப்பதில்லை. பிறகு எழுதித் தரும் இரண்டு பக்கக் குறிப்புக்குத்தான் கொடுக்கிறேன். அதில் இரண்டு விஷயம் இருந்தால் போதும்: உங்கள் நாடு அப்படி வாக்களித்ததற்கான காரணம், நீங்களாக இருந்தால் எங்கே விலகியிருப்பீர்கள், அதற்கு என்ன விலை கொடுத்திருப்பீர்கள் என்பது.