சீனி வருத்தத்தோடு நெடுந்தூரம் சைக்கிள் ஓடுபவர்களுக்கு

வன்னியில் சைக்கிள் வெறும் பொழுதுபோக்கு இல்லை. வயலுக்கு, கூலி வேலைக்கு, கிளினிக்குக்கு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று ஒரே நாளில் முப்பது, நாற்பது கிலோமீற்றர் மிதிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சீனி வருத்தமும் (நீரிழிவு) உண்டு. "உடற்பயிற்சி நல்லது" என்று கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் போட்ட மருந்தும் மிதிக்கும் தூரமும் ஒன்றுசேர்ந்தால் குருதியில் சீனி எந்த அளவுக்கு இறங்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

முதலில் கிளினிக் கொப்பியை எடுத்து உங்கள் மருந்து எது என்று பாருங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், டொல்பியூற்றமைட் ஆகிய குளிசைகளில் ஏதாவது ஒன்றோ, இன்சுலினோ இருந்தால் மட்டுமே இந்தக் கவலை பெரிது. மிதிக்கும்போது தொடைத் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே குருதியிலிருந்து குளுக்கோசை இழுக்கும். சீனி வருத்தம் இல்லாதவரின் உடல் அந்த நேரத்தில் தன் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஊசியில் ஏற்றியதைக் குறைக்க முடியாது, அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த கலப்பு இன்சுலின் போடுபவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலை 6 மணிக்குப் போட்ட ஊசியின் மெதுவான பகுதி முற்பகல் பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் வரை உச்சத்தில் நிற்கும். வேலை முடிந்து, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, வீட்டுக்கு மிதிக்கத் தொடங்குவதும் அந்த நேரம்தான். இதோடு காற்றும் சேரும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். காலையில் ஓடிய அதே தூரம் பின்னேரம் அதைவிடக் கூடுதல் சீனியை எரித்துவிடும். ஆகவே சாப்பாட்டைக் கணக்கிடும்போது திரும்பும் பயணத்தைத்தான் அளவாக வைக்க வேண்டும்.

ஓடப்போகும் நாளில் ஊசியைத் தொடையில் போடாதீர்கள். அசையும் தசைக்கு மேலே போட்ட இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். வயிற்றில் போடுங்கள். அளவைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே கிளினிக் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஊசியை முழுவதும் விட்டுவிடுவதும் ஆபத்து.

புறப்படுமுன் குளுக்கோமீற்றரில் ஒருமுறை பாருங்கள். டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் 15 முதல் 30 கிராம் மாச்சத்துச் சாப்பிட்டு, எண் ஏறிய பிறகே சைக்கிளில் ஏறுங்கள். தூரப் பயணத்துக்கு 120க்கும் 180க்கும் இடைப்பட்ட எண் வசதியானது. 250க்கு மேலே இருந்து, தாகமும் சத்தியும் உடல் சோர்வும் இருந்தால் அன்று ஓடவே கூடாது, வைத்தியசாலைக்குப் போங்கள். முந்திய நாள் சீனி இறங்கி மற்றவர் உதவியால் தெளிந்தவரும் அன்று சைக்கிளைத் தொட வேண்டாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிதிப்பதென்றால், மணிக்கு 30 கிராம் மாச்சத்திலிருந்து தொடங்கலாம். சிறிய கதலி வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம் உண்டு. இது வழியில் சாப்பிடுவதற்கு. அவசரத்துக்கான சீனி வேறு, அதைத் தனியாக வைத்திருங்கள். மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34 வீதியில் காட்டுப்பக்கம் கடை இல்லாத நீளமான துண்டுகள் உண்டு, அங்கே கையிலிருப்பதுதான் மருந்து. சமன் செய்த நாலு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 16 கிராம். அப்படி மூன்று பங்கு கொண்டுபோங்கள். பொலித்தீனில் முடிச்சுப் போட்டு, கரியரில் சாமானுக்கு அடியில் வைத்தால் பயன் இல்லை. சீனி இறங்கும்போது கை நடுங்கும், முடிச்சு அவிழாது. மூடியைத் தட்டித் திறக்கும் சின்னப் போத்தலில் போட்டுச் சேட்டுப் பையில் வையுங்கள்.

பனங்கட்டி பற்றியும் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரருக்குப் பனங்கட்டி பாதிப்பில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அதில் இருப்பதும் பெரும்பாலும் சீனியேதான். அதனாலேயே அவசரத்துக்கு அது உதவும், ஆனால் கட்டியாகக் கடித்துக்கொண்டிராமல் இடித்துத் தூளாக வைத்திருக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி இந்த வேலைக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லீற்றர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, ஒரு கிளாஸ் குடித்தால் 3 கிராமும் தேறாது. சொக்லேற்றும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும்.

திடீர் வியர்வை, கை நடுக்கம், பசி, நெஞ்சுப் படபடப்பு, பார்வை மங்கல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். வெயிலில் மிதிப்பவருக்கு இவற்றில் பாதி சாதாரணமாகவே வரும், அதனால்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஹாண்டில் காரணமில்லாமல் ஒரு பக்கம் இழுபடுவதும், கூட வருபவரின் கேள்விக்குப் பதில் சொல்லப் பிந்துவதும் இன்னும் நம்பகமான அடையாளங்கள். பிரஷருக்கு அற்றினலோல் போன்ற குளிசை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். சந்தேகம் வந்தால் உடனே இறங்குங்கள். "அடுத்த சந்தி வரைக்கும்" என்று மிதிக்காதீர்கள். எண் 70க்குக் கீழே என்றாலோ, பார்க்க வசதி இல்லை என்றாலோ, ஒரு பங்கு சீனியைச் சாப்பிட்டுவிட்டு நிழலில் 15 நிமிடம் இருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு பங்கு. ஏறிய பின் பிஸ்கட் அல்லது பழம் சாப்பிட்டுவிட்டு, தலை முழுதாகத் தெளிந்த பிறகே மீண்டும் ஏறலாம். கிளிபென்கிளமைட் எடுப்பவருக்குச் சரிசெய்த பிறகும் சில மணித்தியாலங்களில் திரும்ப இறங்கலாம். அவர் வீட்டுக்கல்ல, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் சரித்துக் கிடத்திவிட்டு 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

குளுக்கோமீற்றர் பொய் சொல்லும் நேரங்களும் உண்டு. பழமோ பனங்கட்டியோ பிடித்த விரலில் குத்தினால், 60 இருப்பவருக்கு 150 காட்டலாம். தண்ணீரில் விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கரியரில் வெயில்பட்ட மீற்றரையும் ஸ்ட்ரிப்பையும் நம்ப வேண்டாம்.

பகலைவிட அன்று இரவு எங்களுக்குக் கூடிய கவலை. எரிந்த சேமிப்பைத் தசைகள் திரும்ப நிரப்பும்போது சீனி மீண்டும் இறங்கும், ஓட்டம் முடிந்து 24 மணித்தியாலம் வரைக்கும் இது நடக்கலாம். ஆகவே இரவுச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், படுக்குமுன் ஒருமுறை பாருங்கள். வியர்வையில் நனைந்த தலையணையோடும் தலையிடியோடும் எழும்பினால் அதைக் கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள்.

இன்சுலினைச் சேட்டுப் பையிலோ கரியரிலோ கொண்டுபோகாதீர்கள். ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமான துணிப்பைக்குள் நிழல் படும்படி வையுங்கள். கலப்பு இன்சுலினை உருட்டிய பிறகும் போத்தல் சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் அதைப் போடாதீர்கள்.

கால் விறைப்பு உள்ளவர்கள் றப்பர் செருப்போடு மிதிக்க வேண்டாம். வாருக்கு அடியில் சிக்கிய மணல் தோலை அராவினாலும் தெரியாது. மூடிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போட்டு, வீடு வந்ததும் விரலிடுக்கு வரை பாருங்கள். சீற் உயரமும் சரியாக வேண்டும். பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை வைத்தால் முழங்கால் நேராக வர வேண்டும். அதைவிடப் பதிந்திருந்தால் முழங்கால்தான் நோகும்.

அந்த நோவுக்கு டைக்ளோபெனக் போடுவது, வெயிலில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். சிறுநீரகப் பாதிப்போ இருதய வருத்தமோ உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை டொக்டரிடம் கேளுங்கள். கண்ணின் விழித்திரையில் புதுக் குருதிக்குழாய் வளர்ந்திருப்பவர்கள் கண் டொக்டர் அனுமதிக்கும் வரை எழும்பி நின்று மூச்சடக்கி மிதிக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் 10 கிலோமீற்றர் ஓடி, முன்னும் பின்னும் படுக்குமுன்னும் எண்ணைக் குறித்துவையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஊசி போட்டீர்கள், காற்று எந்தப் பக்கம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால்தான் மருந்தின் அளவை உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியும்.